முழு மார்க் மூன்று

ஒரு இன்ஜினீயரிங் காலேஜ். அங்கே ஒரு பாடத்துக்கு முழு மார்க் எவ்வளவு தெரியுமா? மூன்று. நூறு இல்லை, ஐம்பது இல்லை. வெறும் மூன்று.

சிரிக்காதீர்கள். அந்த மூன்று மார்க்கை வாங்குவதற்குள் பையன்களுக்கு நாக்குத் தள்ளிவிடும். அதுவும் செமஸ்டருக்கு ஒரு தடவை வாங்கினால் போதாது. தினமும் வாங்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் விடுதலை.

இடம், அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் நதிக்கரை. காலேஜின் பெயர் வெஸ்ட் பாயிண்ட். 'அது ராணுவப் பள்ளி ஆயிற்றே, இன்ஜினீயரிங் எங்கே வந்தது?' என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் முதன்முதலாக இன்ஜினீயரிங்கை முறையாகச் சொல்லிக்கொடுத்த இடமே அதுதான். 1802-ல் ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் கையெழுத்துப் போட்டு ஆரம்பித்தார். கோட்டை கட்டவும், பாலம் போடவும், துறைமுகத்தை ஆழப்படுத்தவும் ஆள் வேண்டும். இருந்தவர்களில் பலர் வெளிநாட்டுக்காரர்கள். எத்தனை காலத்துக்குக் கடன் வாங்கிய மூளையை வைத்து ஓட்டுவது?

ஆரம்பித்தார்களே தவிர, முதல் பதினைந்து வருடம் அது காலேஜாகவே இல்லை. யார் எப்போது சேர்ந்தார்கள், எப்போது படிப்பை முடித்தார்கள் என்பதற்கெல்லாம் ஒழுங்கான கணக்கு கிடையாது. மேலிருப்பவருக்குப் பிடித்தால் பாஸ். 1812-ல் பிரிட்டனோடு மறுபடியும் யுத்தம் வந்தபோதுதான் அரசாங்கத்துக்கு உறைத்தது. நல்ல இன்ஜினீயர்கள் கைவிரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள்.

யுத்தம் முடிந்ததும், 1815-ல், இரண்டு அதிகாரிகளை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், புத்தகம் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்பது உத்தரவு. அதில் ஒருவர் சில்வேனஸ் தேயர். மாசசூசெட்ஸ்காரர், அப்போது வயது 30. இந்தக் கதையின் நாயகன் இவர்தான். வில்லனும் இவர்தான் என்று சில மாணவர்கள் சொல்லியிருக்கக்கூடும்.

பாரிஸில் ஒரு புகழ்பெற்ற பள்ளி. எக்கோல் பாலிடெக்னிக். பிரெஞ்சுப் புரட்சியின்போது 1794-ல் பிறந்தது. அங்கே ஒரு விசேஷம். படிப்பு முடியும்போது மாணவர்களை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக நிறுத்துவார்கள். முன்னால் நிற்பவன் தனக்கு எந்த அரசுத் துறை வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பின்னால் நிற்பவனுக்கு மிச்சம் இருப்பது. அப்பா பிரபுவா, அம்மாவழியில் யாராவது மந்திரியா என்ற கேள்விக்கே இடமில்லை. பிறப்பு முக்கியமில்லை, மார்க்தான் முக்கியம் என்பது அந்தக் காலத்தில் சாதாரணப் பேச்சு இல்லை. பிரபுக்களின் தலை உருண்ட ஊரில் பிறந்த யோசனை அது.

தேயர் இதையெல்லாம் கேட்டார், பார்த்தார், சுமார் ஆயிரம் புத்தகங்களோடு திரும்பினார். 1817 ஜூலையில் வெஸ்ட் பாயிண்டின் தலைமைப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. அதற்கு முன்னால் இருந்தவர் ஆல்டன் பார்ட்ரிட்ஜ். அவர் லேசில் விடவில்லை. அடுத்த மாதமே திரும்பி வந்து நிர்வாகத்தைத் தானே எடுத்துக்கொண்டார். மாணவர்கள் கைதட்டினார்கள். கடைசியில் மேலிடம் தலையிட்டு, அவரைக் கைது செய்து, ராணுவ விசாரணை நடத்தித்தான் விவகாரத்தை முடித்தது.

மாணவர்கள் ஏன் கைதட்டினார்கள் என்பது போகப்போகப் புரியும்.

தேயர் செய்த முதல் காரியம், வகுப்புகளை உடைத்தது. ஒரே அறையில் ஐம்பது அறுபது பேரை உட்காரவைத்துப் பிரசங்கம் செய்யும் பழக்கம் போயிற்று. பத்துப் பதினைந்து பேர் கொண்ட சின்னச் சின்னப் பிரிவுகள். அதையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கவில்லை. கெட்டிக்காரர்கள் முதல் பிரிவு, அடுத்தவர்கள் இரண்டாம் பிரிவு என்று இறங்கிக்கொண்டே போகும். கடைசிப் பிரிவுக்கு மாணவர்களே ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள்: 'சிரஞ்சீவிகள்'. எப்போது வேண்டுமானாலும் தலை போகலாம் என்று இருப்பவர்களுக்குச் சிரஞ்சீவி என்று பெயர்! ஹாஸ்டல் நக்கல் எல்லா நூற்றாண்டிலும் ஒன்றுதான்.

இரண்டாவது, கரும்பலகை. வெஸ்ட் பாயிண்டில் அதைப் பிரபலப்படுத்தியவர் க்ளாடியஸ் க்ரோஸே என்ற பிரெஞ்சுக்காரர். பாலிடெக்னிக்கில் படித்தவர். நெப்போலியனின் பீரங்கிப் படையில் இருந்து, ரஷ்யப் படையெடுப்பில் சிறைப்பட்டு, எப்படியோ தப்பிப் பிழைத்து அமெரிக்கா வந்து வாத்தியார் ஆனவர். முப்பரிமாணப் பொருளை இரண்டு பரிமாணத் தாளில் வரைந்து காட்டும் வடிவகணிதம் அவருடைய பாடம். வாயால் சொன்னால் யாருக்குப் புரியும்? சுவரில் வரைந்தே ஆக வேண்டும்.

இந்தக் கரும்பலகையைத் தேயர் ஆயுதமாக மாற்றினார். வாத்தியார் எழுதுவதற்கு அல்ல, மாணவன் எழுதுவதற்கு! தினமும் பாடத்தை முன்கூட்டியே படித்துவிட்டு வர வேண்டும். வகுப்பில் கூப்பிடுவார்கள். பலகை முன்னால் நின்று கணக்கைப் போட்டு, ஏன் அப்படிப் போட்டேன் என்று வாய்விட்டு விளக்க வேண்டும். காப்பி அடிக்க முடியாது. சாய்ஸில் விட முடியாது. சகாக்கள் எல்லோரும் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

விளக்கி முடித்ததும் வாத்தியார் ஒரு எண்ணைக் குறித்துக்கொள்வார். அங்கே நிலைத்துப்போன கணக்கில், குறையே இல்லாத பதிலுக்கு 3.0. சுமாருக்கு 2. ஒன்றும் தெரியாவிட்டால் சைபர். நடுவில் 2.1, 2.6 என்று தசமங்கள் உண்டு. அந்தப் பத்தில் ஒரு பங்குகளுக்காக நடந்த போராட்டம் கொஞ்சநஞ்சம் இல்லை.

நாள் மார்க்கைக் கூட்டினால் வார மார்க். அதற்கு ஒரு அறிக்கை. ஜனவரியிலும் ஜூனிலும் பெரிய பரீட்சை. பேராசிரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்க, நேரில் நின்று பதில் சொல்ல வேண்டும். ஜனவரியில் தேறாத புதுப் பையன் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். 'அரியர்' என்ற வார்த்தைக்கு அங்கே அர்த்தமே கிடையாது. அடுத்த வருடம் எழுதிக்கொள்கிறேன் என்ற சலுகை அபூர்வம்.

நடத்தைக்கும் கணக்கு இருந்தது. பொத்தான் போடவில்லை, அணிவகுப்புக்குத் தாமதம், அறையில் புகையிலை என்று ஒவ்வொன்றுக்கும் குற்றப்புள்ளி. வருடத்தில் 200 தாண்டினால் வெளியே.

கடைசியில் எல்லாவற்றையும் எடைபோட்டுக் கூட்டுவார்கள். கணக்குக்கும் இன்ஜினீயரிங்குக்கும் எடை அதிகம். பிரெஞ்சு மொழிக்கும் ஓவியத்துக்கும் குறைவு. அந்த ஒற்றை எண்ணை வைத்து முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை ஒரு பட்டியல். முன்வரிசைக்காரர்களுக்குப் பொறியாளர் படை. அதற்குப் பின்னால் பீரங்கிப் படை. மிச்சம் இருப்பவர்கள் காலாட்படைக்கோ குதிரைப் படைக்கோ போய் எல்லையில் தூசி தின்ன வேண்டும். ஒரு மனிதனின் வாழ்க்கையை ஒரு தசமப்புள்ளி தீர்மானிக்கும் ஏற்பாடு.

மார்க் போடுவது தேயரின் கண்டுபிடிப்பு அல்ல. 1785-ல் யேல் கல்லூரியின் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் தன்னுடைய 58 மாணவர்களைப் பரீட்சித்து, 20 பேர் மிகச் சிறந்தவர்கள், 16 பேர் அதற்கு அடுத்தவர்கள், 12 பேர் தாழ்ந்தவர்கள், 10 பேர் மோசம் என்று லத்தீன் வார்த்தைகளில் டைரியில் எழுதிவைத்திருக்கிறார். ஆனால் அது டைரி. இது பேரேடு. வித்தியாசம் அங்கேதான்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். தினசரி வரவு-செலவை எழுது, வாரத்துக்கு ஒரு தடவை கூட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை தணிக்கை செய், வருடக் கடைசியில் ஐந்தொகை போடு. தேயர் மனிதர்களை வைத்துப் போட்டது இந்தக் கணக்கைத்தான். கீத் ஹாஸ்கின், ரிச்சர்ட் மேக்வ் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1988-ல் இதைத் தலைகீழாகத் திருப்பிச் சொன்னார்கள். கணக்குப் புத்தகத்தைப் பார்த்து மார்க் ஷீட் வரவில்லை, மார்க் ஷீட்டைப் பார்த்துத்தான் நவீனக் கம்பெனி நிர்வாகமே வந்தது என்று!

அவர்கள் காட்டும் சாட்சி, டேனியல் டைலர். 1819-ல் வெஸ்ட் பாயிண்டில் படிப்பை முடித்தவர். 1832-ல் ஸ்பிரிங்ஃபீல்டு அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையை ஆராயப் போனார். ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். இந்த வேலைக்கு இவ்வளவு கூலிதான் நியாயம் என்று கணக்கெழுதினார். தன்னைப் பலகை முன்னால் நிறுத்தி எண்ணால் அளந்த அதே கண்ணால் அவர் தொழிலாளியை அளந்தார் என்பது அவர்கள் வாதம். ஏற்காத கணக்கியல் வரலாற்றாசிரியர்களும் உண்டு. ஆனால் வருடாந்தர அப்ரைசலில் '5-க்கு 3' வாங்கிவிட்டு முகம் தொங்கிப்போய் வருகிறவர்களுக்கு, இந்தப் பங்காளி உறவு நம்பும்படியாகவே இருக்கும்.

சரி, இந்தக் கெடுபிடியால் பலன் இருந்ததா?

இருந்தது. அமெரிக்காவில் ரயில் பாதை போடும் காலம் வந்தபோது பாதையை அளக்கவும் பாலம் கட்டவும் ஓடியவர்களில் பலர் வெஸ்ட் பாயிண்ட் ஆட்கள். 1850-ல் பிரௌன் பல்கலைக்கழகத்தின் தலைவர் பிரான்சிஸ் வேலண்ட் மனம் நொந்து எழுதினார். வருடத்துக்குக் கொஞ்சம் பேரை மட்டும் வெளியே அனுப்பும் அந்த ஒரு பள்ளி ரயில் பாதைகளுக்குச் செய்த அளவுக்கு, நாட்டின் மற்ற கல்லூரிகள் எல்லாம் சேர்ந்துகூடச் செய்யவில்லை என்பது அவர் புலம்பலின் சாரம்.

இப்போது பட்டியலின் மறுபக்கத்துக்கு வருவோம்.

1829-ம் வருடத்துப் பட்டியலில் இரண்டாவது பெயர் ராபர்ட் ஈ. லீ. நான்கு வருடத்தில் ஒரு குற்றப்புள்ளிகூட வாங்காத மனிதர். பின்னாளில் அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காப்பாற்றக் கிளம்பிய தென்மாநிலங்களின் புகழ்பெற்ற தளபதி. முதல் பெயர் யார்? சார்லஸ் மேசன். கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். அவர் இரண்டு வருடத்தில் ராணுவத்தை விட்டுவிட்டு வக்கீலானார், அயோவா பிரதேசத்தின் தலைமை நீதிபதியானார். 1839-ல் அவர் முன்னால் ஒரு வழக்கு. ரால்ஃப் என்ற கறுப்பின அடிமை. மிசௌரியிலிருந்த அவரது எஜமான் அவரைத் திரும்பப் பிடித்துக்கொண்டு போக வந்திருந்தார். அயோவா மண்ணில் அடிமை கிடையாது, ரால்ஃப் சுதந்தர மனிதர் என்று மேசனின் கோர்ட் தீர்ப்புச் சொன்னது.

முதல் ரேங்குக்கும் இரண்டாம் ரேங்குக்கும் வித்தியாசம் சில தசமங்கள். இரண்டு வாழ்க்கைக்கும் நடுவே இருந்த தூரத்தை எந்தத் தசமம் அளந்தது?

அப்புறம் 1843-ன் யுலிஸஸ் கிராண்ட். 39 பேரில் 21-வது. இந்த நடுத்தர மாணவனிடம்தான் அந்த இரண்டாம் ரேங்க் லீ 1865-ல் சரணடைந்தார். 1861-ன் கடைசி ரேங்க், 34-க்கு 34, ஜார்ஜ் கஸ்டர். 700-க்கும் மேலான குற்றப்புள்ளிகள். உள்நாட்டுப் போரில் இருபத்து மூன்று வயதிலேயே ஜெனரல் பதவி. 1876-ல் லிட்டில் பிக்ஹார்ன் நதிக்கரையில் பூர்வகுடிகளைக் குறைத்து எடைபோட்டு, தன்னோடிருந்த வீரர்களோடு செத்துப்போனார். ஆக, கடைசி ரேங்க் எல்லாம் மாமேதை என்று சினிமா வசனம் பேசவும் வழியில்லை. பட்டியல் சிலரிடம் தோற்றது, சிலரிடம் ஜெயித்தது.

1854-ல் ஒரு பையன் வெளியேற்றப்பட்டான். வேதியியலில் பெயில். சிலிக்கான் என்பது வாயு என்று ஆரம்பித்ததால் வந்த வினை. பின்னாளில் அவனே சொல்லிச் சிரிப்பானாம், சிலிக்கான் மட்டும் வாயுவாக இருந்திருந்தால் நான் மேஜர் ஜெனரல் ஆகியிருப்பேன் என்று. பெயர் ஜேம்ஸ் விஸ்லர். தாயார் நாற்காலியில் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிரசித்தமான ஓவியத்தை 1871-ல் வரைந்தவர். அவனுடைய அப்பா அதே பள்ளியில் படித்த இன்ஜினீயர், ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க்-மாஸ்கோ ரயில் பாதைக்காக உழைத்தவர். அப்பா வேலை பார்த்த வேலை பிள்ளைக்கு வரவில்லை. பிள்ளைக்கு வந்த ஓவியத்துக்கு அங்கே எடை குறைவு.

இதெல்லாம் சுவாரசியம். அடுத்தது அப்படி இல்லை.

1870-ல் வெஸ்ட் பாயிண்டுக்குள் முதல் கறுப்பின மாணவர் நுழைந்தார். ஜேம்ஸ் வெப்ஸ்டர் ஸ்மித். தென் கரோலினாக்காரர். சகாக்கள் யாரும் அவரோடு பேசுவதில்லை. அடி, வசை, பொய்ப் புகார், ராணுவ விசாரணை, ஒரு வருடம் திரும்பப் படிக்கும் தண்டனை. அத்தனையும் தாங்கி நான்கு வருடம் தாக்குப்பிடித்தார். 1874-ல் இயற்பியல் சார்ந்த பாடத்தில் பெயில் என்று வெளியே அனுப்பப்பட்டார். அந்தப் பரீட்சை எல்லோர் முன்னாலும் நடக்கவில்லை. தனியாக நடந்தது. இரண்டு வருடத்தில் காசநோயில் இறந்துபோனார். 1997-ல், நூற்றிருபது வருடத்துக்கு மேல் கழித்து, அவருக்கு அதிகாரிப் பதவியை அரசாங்கம் வழங்கியது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத பட்டம்.

பலகை முன்னால் எல்லோரும் சமம் என்பதுதான் தேயர் முறையின் அழகே. அந்தப் பலகை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி இருக்கும்வரைதான் அந்த அழகு. கதவைச் சாத்திவிட்டால் எண் என்பது போடுகிறவரின் மனசு மட்டுமே.

மனசு எவ்வளவு ஆடும்? 1912, 13-ல் விஸ்கான்சினில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்து 142 ஆசிரியர்களுக்குக் கொடுத்தார்கள். ஒருவர் 64 போட்டார், இன்னொருவர் 98. மொழிப் பாடம், அப்படித்தான் இருக்கும் என்று சிலர் சமாளித்தார்கள். அடுத்து ஜியாமெட்ரி தாளைக் கொடுத்தார்கள். நிலைமை இன்னும் மோசம். 30-க்கும் கீழே போட்டவர் உண்டு, 90-க்கும் மேலே போட்டவர் உண்டு! ஒருவர் விடையை மட்டும் பார்க்கிறார், ஒருவர் வழிமுறைக்கும் மார்க் தருகிறார், ஒருவருக்குக் கையெழுத்து அழகாக இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் பிள்ளை மார்க் ஷீட்டோடு வந்ததும் இரண்டு கேள்வி கேட்போம். 'எத்தனை மார்க்?' அதற்குப் பதில் வருவதற்குள், 'கிளாஸ்ல எத்தனாவது?' ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்பதுபோல் தோன்றும். இரண்டும் வேறு வேறு. முதலாவது, உனக்கு எவ்வளவு தெரியும். இரண்டாவது, உனக்கு முன்னால் எத்தனை பேர். இன்றைய இன்ஜினீயரிங் காலேஜ்களில் வகுப்பை ஒப்பிட்டு கிரேடு போடுவதா, 50 எடுத்தால் பாஸ் என்று கோடு கிழிப்பதா என்று நடக்கிற சண்டை முழுக்க இந்த இரண்டு கேள்விகளின் சண்டைதான்.

பாலத்தின் மேல் போகிற பஸ்ஸுக்கு, அதைக் கட்டியவர் வகுப்பில் எத்தனாவது என்பது தேவையில்லை. அவருக்குப் பாரம் கணக்கிடத் தெரியுமா என்பதுதான் தேவை. வேலைக்கு ஆள் எடுக்கிறவருக்கோ நேர் எதிர். நாற்காலி பத்து, ஆள் நூறு. அவருக்கு வரிசை வேண்டும். தேயர் இரண்டையும் ஒரே எண்ணுக்குள் திணித்தார். இருநூறு வருடமாக நாம் அதைப் பிரித்தெடுக்கப் பார்க்கிறோம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1968-ல் முதல் வருட மாணவர்களுக்கு கிரேடே வேண்டாம், பாஸ் அல்லது பெயில் போதும் என்று முடிவு செய்ததும் இந்த முயற்சியில் ஒன்றுதான்.

தேயர் என்ன ஆனார்? ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சனோடு மோதல். தேயர் வெளியே அனுப்பிய மாணவர்கள் நேராக வாஷிங்டனுக்குப் போய் முறையிடுவார்கள். ஜாக்சன் மன்னித்துத் திருப்பி அனுப்புவார். ஒரு சிபாரிசுக் கடிதம் உள்ளே வந்தால் மொத்தப் பட்டியலும் காகிதம்தான் என்பது தேயருக்குத் தெரியும். 1833-ல் பொறுப்பை விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு முப்பத்தொன்பது வருடம் உயிரோடு இருந்தும் அந்த வாசலை அவர் மிதிக்கவில்லை. இறந்து ஐந்து வருடம் கழித்து, 1877-ல், அவர் உடல்தான் அங்கே திரும்பியது.

அவர் வளர்த்த பிள்ளைகளில் ஒருவர் டென்னிஸ் ஹார்ட் மஹான். 1824-ன் முதல் ரேங்க். 1832-லிருந்து வெஸ்ட் பாயிண்டின் இன்ஜினீயரிங் பேராசிரியர். அவர் எழுதிய சிவில் இன்ஜினீயரிங் பாடநூல் 1837-ல் வந்து, அமெரிக்கா முழுவதும் ஓடியது. கிட்டத்தட்ட நாற்பது வருடம் மாணவர்களைப் பலகை முன்னால் நிறுத்தி அளந்தவர். 1871-ல், உங்களுக்கு ஓய்வு கொடுக்கலாம் என்று பார்வையாளர் குழு பரிந்துரைத்தது. அவர்மேல் வேறொருவர் போட்ட எண் அது. தாங்க முடியவில்லை. ஹட்சன் நதியில் போய்க்கொண்டிருந்த நீராவிப் படகிலிருந்து குதித்து உயிரை விட்டார்.

அதே 1871-ல் இன்னொன்றும் நடந்தது. தேயர் தன் சேமிப்பிலிருந்து 40,000 டாலரைத் தான் படித்த டார்ட்மவுத் கல்லூரிக்குக் கொடுத்திருந்தார். ராணுவச் சீருடை இல்லாத ஒரு இன்ஜினீயரிங் பள்ளிக்காக. அந்த வருடம் அது திறக்கப்பட்டது. இன்றும் தேயர் பெயரில் நடக்கிறது.

முதல் வகுப்பில் உட்கார்ந்த மாணவர்கள் எத்தனை பேர் தெரியுமா?

மூன்று.